ஒரு மணி பத்துக்கு வரும் கேள்வி

கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு இந்தக் காலம் வசதியான காலம். முன்பெல்லாம் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டுமென்றால், எதிர்முனையில் இருப்பவர் "சத்தமா சொல்லுங்கம்மா" என்று இரண்டு முறை அதட்டிய பிறகுதான் என் குரல் வெளியே வரும். இப்போது ஒரு நம்பரை அழுத்தினால் போதும். பதிவு செய்து வைத்த குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. கரண்ட் பில்லுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். காய்கறி, மாவு பாக்கெட், பிரஷர் மாத்திரை எல்லாம் போனில் படத்தைத் தொட்டால் வாசலுக்கு வந்துவிடும். கொண்டுவருகிறவர் பையைக் கேட்டில் மாட்டி, மணியை அடித்துவிட்டு, நான் வந்து கதவைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் குடும்பம் நடத்தலாம். நான் நடத்தியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, மாடியில் குடியிருக்கும் பெண் "ஆன்ட்டி, மோட்டார் போடட்டுமா?" என்று மேலிருந்து கேட்டாள். "போடும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. இருமிவிட்டுச் சொன்னேன். முந்தின சனிக்கிழமைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அது.

எனக்கு ஒரே மகள். நாவலூரில், பதினோராவது மாடியில் அவளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. நாவலூர் ஒன்றும் வெளிநாடு இல்லை. தாம்பரம் போய் பஸ் ஏறினால் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்விடலாம். நெரிசல் இருந்தால் இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில்தானே இருக்கிறோம் என்ற எண்ணமே, அவள் வராமல் இருப்பதற்கு ஒரு காரணமாகிவிடும் போலிருக்கிறது. வாரம் ஒரு ஞாயிறு என்பது மாதம் ஒரு ஞாயிறு ஆனது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். காலை ஏழு மணிக்கு விழுந்தவள் பதினோரு மணி வரை ஈரத் தரையிலேயே கிடந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், ஆனால் என் குரல் எந்தச் சுவரையும் தாண்டாது. தண்ணீர் வரவில்லையே என்று கேட்க மாடிப் பெண் இறங்கி வந்ததால் பிழைத்தேன். மணிக்கட்டில் மட்டும் விரிசல். மகள் சாயங்காலம் ஓடி வந்தாள். "நாலு மணி நேரம் கெடந்திருக்க, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கட்டு பிரித்த வாரத்தில்தான் அந்தக் கேள்வி வர ஆரம்பித்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் ஒரு மணி பத்துக்குப் போனில் டிங் என்று ஒரு சத்தம்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? என்ன குழம்பு இன்னைக்கு?"

சாப்பாட்டு வேளையில் மகள் என்னை நினைத்துக்கொள்கிறாள் என்று இருந்தது. நேரில் நீ, வா, போ என்று பேசுகிறவள் எழுத்தில் "நீங்க" போட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா வெளியூரில் வேலையாக இருந்தபோது நானும் பேச்சில் இல்லாத மரியாதையெல்லாம் கடிதத்தில் எழுதியவள்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். போனில் எழுத ஒரு விரல்தான் வரும். "க" வைத் தேடிப் பிடித்து, கொம்பைத் தேடிப் பிடித்து, ஒரு வரி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். நாலைந்து மாதம் போனதும் போனே என் வார்த்தைகளைத் தெரிந்துகொண்டது. "கத்" என்று தட்டினாலே "கத்திரிக்காய்" மேலே வந்து நிற்கும். ஒன்றுமே தட்டாவிட்டாலும் "சாப்பிட்டேன்" என்று முதலில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆனால் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்று நான் எழுதியதே இல்லை. சோற்று விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு வராது. இரண்டு மணிக்குச் சாப்பிடுகிறவள், அவளைக் காக்க வைக்கக் கூடாது என்று பன்னிரண்டரைக்கே சாப்பிடப் பழகிக்கொண்டேன். திங்கட்கிழமை வைத்த குழம்பைச் செவ்வாய்க்கிழமையும் சூடு பண்ணிச் சாப்பிடுகிற வழக்கமும் போயிற்று. நேற்று எழுதியதையே இன்றும் எப்படி எழுதுவது? ஒருத்திக்காகத் தினம் ஒரு குழம்பு. பாகற்காய்க்கு வெல்லம் போட்டதை எழுதினேன். முருங்கைக்காய் முற்றலாகப் போனதை எழுதினேன். "அருமை அம்மா. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்று உடனே பதில் வரும். அவ்வளவு உடனே பதில் போடுகிறாளே, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்கிறாள் போலும் என்று நினைப்பேன்.

என் வீட்டுக்காரருக்குத் திதி கொடுப்பது ஐப்பசியில். போன வருஷம் அது ஒரு வேலை நாளில் வந்தது. மகளால் வர முடியவில்லை. நான் மட்டும் படத்துக்கு மாலை போட்டு, இலையில் படையல் வைத்து, மொட்டை மாடிக்குப் போய்க் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு நின்றிருந்தேன். காக்கா எடுத்த பிறகுதானே நாம் சாப்பிடுவது. வெயில் ஏறியது, காக்கா வரவில்லை. ஒரு மணி பத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. பொய் எழுத வராதே. நின்றபடியே எழுதினேன்.

"காக்கா இன்னும் வரல. வந்ததும்தான் சாப்பாடு."

பதில் வந்தது. "சரி அம்மா. அவங்க வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க."

நான் அப்படியே தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் காக்காவாக வருகிறார், அவருடன் உட்கார்ந்து நானும் சாப்பிட வேண்டும். என் மகள் அப்படிச் சொல்லிவிட்டாள். அவளுக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் காக்கா வந்த பிறகு நான் கீழே போகவில்லை. என் சோற்றையும் மாடிக்கே எடுத்து வந்து, அது கொத்துவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அந்த ஒரு வரியை அந்த வருஷம் முழுக்க எத்தனையோ தடவை எடுத்துப் படித்திருப்பேன். விரலால் மேலே தள்ளித் தள்ளி அந்த இடத்துக்குப் போக எனக்கு நன்றாகவே பழகிவிட்டது.

இந்த வருஷம் திதி புதன்கிழமை. மகள் லீவு போட்டு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேலை. நாங்கள் இருவரும் சேர்ந்து சமைத்தோம். அவள் வடை தட்டினாள், ஒன்றும் வட்டமாக வரவில்லை. பகல் ஒரு மணி வாக்கில் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் ஏற, முட்டி வலியோடு நான் பின்னால் ஏறினேன். அவளுடைய போன் கீழே ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் இருந்தது. என்னுடையது என் இடுப்பில்.

"கா... கா..." என்றாள்.

"கொஞ்சம் சத்தமா கூப்பிடுடி."

"நீ கூப்பிடும்மா. உன் குரலுக்குத்தான் அப்பா வருவாரு."

"என் குரல் எனக்கே கேக்காது."

"அதான் உயிரோட இருந்தப்பவும் அவரு மூணாவது தடவைதான் திரும்பிப் பாப்பாரு."

"நீ கூப்பிட்டா மட்டும் ஓடி வந்துடுவாரு, பாவம்" என்று நானும் சிரித்தேன்.

அப்போது இடுப்பில் டிங் என்றது. எடுத்துப் பார்த்தேன்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? என்ன குழம்பு இன்னைக்கு?"

மகளைப் பார்த்தேன். அவள் இரண்டு கையிலும் இலையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அனுப்பியது இப்போதுதான் வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். மணியைப் பார்த்தேன். ஒன்று பத்து. போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளிடம் காட்ட வெட்கமாக இருந்தது. யாருக்காக வெட்கப்பட்டேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காக்கா வந்தது. "பாத்தியா, மொதல்ல வடையத்தான் தூக்குது. சாட்சாத் அப்பாவேதான்" என்றாள் மகள். நான் தலையை ஆட்டினேன்.

கீழே வந்து எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்தோம். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தீயணைப்பு வண்டி போல அலறியது. அவள் இலையை விட்டுப் பாய்ந்து எழுந்தாள். எச்சில் கையோடு போனை எடுத்துப் பார்த்தவள், பார்த்த வேகத்திலேயே கேட்டாள்.

"அம்மா, நீ இன்னைக்குப் பதில் போடலியா?"

கேட்டபடி திரும்பினாள். நான் எதிரே ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். போன் அலறிக்கொண்டே இருந்தது. பிறகு அதை நிறுத்தினாள்.

"மேல நிக்கும்போதே வந்துச்சு. நீ காக்காவ கூப்பிட்டுகினு இருந்த" என்றேன்.

வந்து உட்கார்ந்தாள்.

"என் வேலையே அதாம்மா. கம்பெனிக்கு கஸ்டமர் யாராவது கேள்வி கேட்டா மனுஷங்க மாதிரி பதில் எழுதற புரோகிராம். நீ விழுந்தப்புறம் எனக்கு வேலையே ஓடல. எந்த மீட்டிங்ல ஒக்காந்தாலும் நீ ஈரத்துல கெடக்கற மாதிரியே இருக்கும். அதான் உனக்கு ஒண்ணு எழுதி வச்சேன். அது கேக்கும். நீ பதில் போட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அரை மணி நேரத்துல போடலன்னா எனக்கு மணி அடிக்கும்."

"பதிலும் அதுதான் எழுதுமா?"

"அதுவும்தான்."

"நீ படிக்க மாட்டியா?"

"ஒரு பச்சை டிக் வரும்மா. அதைப் பாத்துட்டு விட்டுடுவேன்."

எனக்கு அப்போது கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"போன வருஷம் திதிக்குக் காக்கா வரலன்னு எழுதினேனே. அதுக்குப் பதில்?"

அவள் இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அந்த இடம் எவ்வளவு மேலே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னுடையதை எடுத்து நானே காட்டினேன். படித்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"காக்கான்னா யாரோ விருந்தாளின்னு நெனச்சிடுச்சும்மா" என்றாள் மெதுவாக.

"ம்" என்றேன்.

அதற்கப்புறம் அவள் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். வெல்லம் போட்ட பாகற்காய், முற்றிய முருங்கைக்காய், கருணைக்கிழங்கு நாக்கை அரித்தது, தேங்காய் இல்லாமல் வைத்த குழம்பு. அவள் கையில் சாம்பார் காய்ந்துபோனது. "தெனமும் எழுதியிருக்கியேம்மா" என்றாள்.

"கேட்டியே, அதான்."

அவள் அழுதாள். அழுதால் நான் தேற்ற வேண்டும், தேற்றினேன். சாயங்காலம் கார் வந்தபோது, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "அதை நிறுத்திடவாம்மா?"

"இருக்கட்டும். உனக்கு நிம்மதியா இருக்கும்ல."

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அதையும் நிறுத்திவிட்டால் அந்த ஒரு மணி பத்து என்னவாகும் என்ற பயம் மீதிப் பாதி.

மறுநாள் கேள்வி வந்தது. மேலே காத்திருந்த வார்த்தையை மட்டும் தொட்டு அனுப்பினேன். "சாப்பிட்டேன்." குழம்பு எழுதவில்லை. "அருமை அம்மா" என்றது. எது அருமை என்று கேட்க ஆள் இல்லை. குழம்பு மறுபடி இரண்டு நாளைக்கு ஒன்றாகிவிட்டது.

பத்து நாள் இருக்கும். ஒரு மதியம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, போனை மேசைமேல் வைத்து முன்னால் உட்கார்ந்தேன். கேள்வி வந்தது. நான் தொடவில்லை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருடப் போகிறவள் போல வாசல் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஒன்று நாற்பது தாண்டியதும் மகள் கூப்பிட்டாள். கூப்பிட வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தேன், கை போகவில்லை. இரண்டாம் தடவையும் மணி அடித்து நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு இடிபட்டது.

"ஆன்ட்டி, கதவத் தெறங்க. ஆன்ட்டி."

திறந்தேன். மாடிப் பெண் கை முழுக்கச் சப்பாத்தி மாவோடு நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாவு ஒட்டிய தன் போனை நீட்டினாள். "உங்க பொண்ணு லைன்ல இருக்காங்க. அழறாங்க."

"என்னம்மா ஆச்சு உனக்கு?" மகளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் இல்லடி. போனை ரூம்ல வச்சுட்டேன்."

"நான் லிஃப்ட்டு வரைக்கும் ஓடியாந்துட்டேன்மா. கார் புக் பண்ணிட்டேன்." அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள், "என்ன குழம்பு?"

அவளுடைய சொந்தக் குரலில் அந்தக் கேள்வியை நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. "நேத்து வச்ச குழம்பு" என்றேன்.

அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "இனிமே நானே கேக்கறேன்மா. அதை எடுத்துடறேன்" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். மாடிப் பெண் கதவருகே நின்றபடி, "உள்ளேயேதான் இருந்தீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். அவள் படியேறிப் போனாள். அதற்கப்புறம் ஒரு வாரம் மோட்டார் போடும்போது அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

மகள் சொன்னபடி செய்தாள். "சாப்டியா" என்று வெறும் ஒரு வார்த்தை. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கே வரும், ஒரு நாள் மூன்று மணிக்கு வரும். இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் "ஸாரிமா" என்று வரும். நான் குழம்பு எழுதினால் ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு கட்டை விரல் படம் வரும். எழுத்தில் பாதி தப்பு. அந்தத் தப்புகளை நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது இரண்டு மாதமாக ஒரு மாறுதல். தினமும் வருகிறது. ஒரு மணி பத்துக்கு இல்லை. ஒரு நாள் ஒன்று ஏழு, ஒரு நாள் ஒன்று பதினாறு. நீ என்றுதான் எழுதுகிறாள். "பாகக்காயா, நல்லவேளை நான் அங்க இல்ல" என்று எழுதுகிறாள். போன மாதம் தலைவலி என்று ஒரு நாள் எழுதினேன். மறுநாள், "நேத்து தலவலின்னியே, போச்சா?" என்று வந்தது.

அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. என் மகளுக்கு மறதி அதிகம். குடையை மறப்பாள், சாவியை மறப்பாள், கல்யாண நாளையே ஒரு வருஷம் மறந்தாள். முந்தின நாள் தலைவலியை ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்பது அவள் செய்கிற காரியம் இல்லை. அது செய்கிற காரியம். அதற்கு ஒன்றும் மறக்காது. அவள் மனம் மாறித்தான் கேட்கிறாளா, வேலை அதிகமாகி அதையே திரும்ப வைத்து, தன்னைப் போல எழுதச் சொல்லிக் கொடுத்துவிட்டாளா? போனில் கேட்டால் சொல்லிவிடுவாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நேற்று அமாவாசை. கத்திரிக்காய் காரக்குழம்பு வைத்து, ஒரு பிடி சோற்றை இலையில் எடுத்து வைத்துவிட்டு மேலே போகப் புறப்படும்போது டிங் என்றது. ஒன்று பதிமூன்று.

"சாப்டியாம்மா?"

கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. அப்படியே நின்று, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன். "காக்கா இன்னும் வரல. வந்ததும்தான் சாப்பாடு." அனுப்பினால் போதும். மகளாக இருந்தால் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும், உடனே கூப்பிடுவாள். அதுவாக இருந்தால் யாரோ விருந்தாளி வருகிறார் என்று நினைத்துக்கொள்ளும்.

விரலை வைத்துக்கொண்டு நின்றேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். எல்லாம் அழிந்ததும் மேலே அந்த வார்த்தை வந்து நின்றது. தொட்டேன்.

"சாப்பிட்டேன்."

"கத்" என்று தட்டினேன். மீதியை அதுவே எழுதிக் கொடுத்தது. அனுப்பிவிட்டு, என்ன பதில் வருகிறது என்று பார்க்காமல், போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, இலையை எடுத்துக்கொண்டு படியேறினேன். மாடிப் பெண் துணி எடுக்க வந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். முதல் தடவை சத்தமே வரவில்லை.

"நான் கூப்பிடட்டுமா ஆன்ட்டி?" என்றாள் அவள்.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி கூப்பிட்டேன்.